என் ஈரலின் நன்னடத்தை

பிப்ரவரி 18, ஞாயிறு

இன்று நான் ஆரோக்கியமானவன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஐம்பத்தைந்து வயதில் முதல்முறையாக ஒரு விஷயத்துக்கு எனக்கு எல்லாத் தகுதியும் இருந்திருக்கிறது.

என் மகள் சுகிர்தா மருத்துவக் கல்லூரியில் ஈரல் ஆராய்ச்சி செய்கிறாள். மாத்திரை, பொடி, லேகியம், மில்லில் பயன்படுத்தும் ரசாயனம் என்று ஏதேதோ உள்ளே போய் ஈரல் எப்படிக் கெடுகிறது என்பதுதான் அவள் படிப்பு. கெட்ட ஈரல் வார்டு நிறையக் கிடைக்கிறதாம். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ஈரல் கிடைப்பதுதான் கஷ்டமாம். குடிக்காத, மருந்தே சாப்பிடாத ஆள் வேண்டும் என்றாள். நான் கையைத் தூக்கினேன். மருந்து சாப்பிடாததற்குக் காரணம் ஒழுக்கம் இல்லை. டாக்டரைப் பார்த்தால் ஊசி போட்டுவிடுவாரோ என்ற பயம்.

இரத்தம் எடுத்தபோது கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எங்கள் மோட்டார் கம்பெனி ஸ்டோரில் இருக்கும் வாஷர் வகைகளை வரிசையாக நினைத்துக்கொண்டேன்.

“உடம்பு எப்படி இருக்குதுன்னு அப்பப்ப எழுதி வைப்பா. பின்னால கேப்பேன்” என்றாள் சுகிர்தா. கம்பெனி கொடுத்த டைரி சும்மா கிடந்தது. எழுதுகிறேன். இதை அவளிடம் காட்டப் போவதில்லை. ஏன் என்பது அடுத்த ஞாயிறு தெரியும்.

பிப்ரவரி 22, வியாழன்

ரிசல்ட் வந்தது. என் ஈரல் முதல் வகுப்பில் பாஸ். பத்தாம் வகுப்பில் நான் வாங்கிய மதிப்பெண்ணை நினைத்தால் என் உடம்பில் இவ்வளவு படிப்பாளியான உறுப்பு இருந்தது ஆச்சரியம்தான். சாந்தாமணியிடம் காட்டினேன். “செரி, இனியாவது அதைக் கெடுக்காம வெச்சுக்குங்க மாமா” என்றாள் என் மனைவி.

பிப்ரவரி 25, ஞாயிறு

நீச்சல் கற்றுக்கொள்ளப் போனேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மே மாதம் கம்பெனியில் குடும்பத்தோடு ஆலப்புழை கூட்டிப் போகிறார்கள். படகு வீட்டில் ஒரு நாள். சாந்தாமணிக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம். அண்டாவை எட்டிப் பார்ப்பதற்கே சுவரைப் பிடித்துக்கொள்வாள். வர மாட்டாள் என்று நினைத்தேன். “நீங்க இருக்கறப்ப எனக்கென்னங்க பயம்? அத்தனை பெரிய கெணத்துல குதிச்ச ஆளு” என்று ஒத்துக்கொண்டுவிட்டாள்.

கிணற்றுக் கதையைப் பெண் பார்க்கப் போன அன்று சொன்னேன். அதில் ஒரு பாதி உண்மை. மறு பாதிக்காகத்தான் இப்போது நீச்சல் குளம்.

பெரியவர்களுக்கான வகுப்பு வேலை நாட்களில். எனக்கு ஞாயிறு மாலைதான் தோதுப்படும். அது குழந்தைகள் வகுப்பு. பெனடிக்ட் மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பரவால்ல சார், அந்தக் கடைசில நின்னுக்குங்க” என்றார். இரண்டாம் வகுப்புப் படிக்கும் தனுஸ்ரீ என்கிற பெண் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, “தாத்தா, உங்களுக்கு டியூப் வேண்டாம்ல?” என்றாள்.

வீட்டில் யூனியன் கூட்டம் என்று சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 3, ஞாயிறு

குளத்தில் போடும் குளோரின் கண்ணைப் பிடுங்குகிறது. வாயிலும் அதே நாற்றம், பாதிக் குளத்தை நான்தானே குடிக்கிறேன். வரும் வழியில் ஏலக்காய் வாங்கி மென்றேன். காலை உதைத்து உதைத்துத் தொடை கழன்றுவிட்டது. மாடிப்படியில் இரண்டு தடவை கைப்பிடியைப் பிடித்தேன்.

“கண்ணு ஏனுங்க இப்படிச் செவந்து கெடக்குது?”

“கூட்டத்துல ஒரே சூடான விவாதம்.”

“தலை ஏன் ஈரம்?”

“மூஞ்சி கழுவுனேன்.”

“ஏலக்காய் வாசம் வருது?”

“ஒருத்தன் குடுத்தான்.”

மடமடவென்று எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டேன். எனக்குள் ஒரு வக்கீல் இருந்திருக்கிறான். ஜட்டி மாதிரியான அந்த நீச்சல் டிரவுசரை ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவள் அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 6, புதன்

சாந்தாமணி சாயங்காலம் முழுக்க ரங்கநாயகி அக்காவுடன் குசுகுசு. அக்கா பக்கத்து வீதி. பஜனைக் குழுத் தலைவி. அவர் வீட்டுக்காரர் ஊரறிந்த குடிகாரர். இப்போது அடியோடு விட்டுவிட்டாராம். நல்ல செய்தி.

மார்ச் 10, ஞாயிறு

வீட்டில் வசந்தம். இத்தனை வருடமும் காபியை மேஜையில் டொக்கென்று வைத்துவிட்டுப் போகிறவள், நான்கு நாளாகக் கையில் கொடுத்து, கடைசிச் சொட்டு வரை நின்று பார்க்கிறாள். கல்யாணமான புதிதில்கூட இப்படி என்னைப் பார்த்ததில்லை. எனக்கே வெட்கமாகிவிட்டது.

காபி கொஞ்சம் கசக்கிறது. கேட்டேன். “சிக்கரி ஜாஸ்திங்க” என்றாள்.

நீச்சல்: கம்பியைப் பிடித்துக்கொண்டால் மிதக்கிறேன்.

மார்ச் 13, புதன்

காபி. நின்று பார்த்தாள். தம்ளரைக் கவிழ்த்தும் பார்த்தாள்.

மார்ச் 17, ஞாயிறு

கம்பியை விட்டேன். மூழ்கினேன். தனுஸ்ரீ பெனடிக்ட் மாஸ்டரைக் கூப்பிட்டு என்னை எடுக்க வைத்தாள். “பயப்படாதீங்க தாத்தா, நானும் மொத நாள் அழுதேன்” என்றாள். நான் அழவில்லை, அது குளோரின் என்று விளக்கினேன். நம்பியதாகத் தெரியவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

இன்று நடந்ததை விவரமாக எழுத வேண்டும்.

தோள்வலி தாங்கவில்லை. நாட்டு மருந்துக் கடைக்காரர், “திராட்சை போட்ட அரிஷ்டம், அசதிக்கு நல்லதுங்க” என்று ஒரு பாட்டில் கொடுத்தார். குளித்துவிட்டு ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றபடியே இரண்டு மூடி விட்டுக்கொண்டேன். வழியில் ஒரு வாழைக்காய் பஜ்ஜி.

வீட்டு வாசலுக்கு வருவதற்குள் முகம் நெருப்பாக எரிந்தது. நெஞ்சு இரண்டு குதிரைசக்தி மோட்டார் மாதிரி அடித்தது. உள்ளே நுழைந்ததும் வாந்தி. செத்தேன் என்றே நினைத்தேன்.

சாந்தாமணி பதறவில்லை. அதுதான் விசித்திரம். தலையைப் பிடித்துக்கொண்டாள், முதுகைத் தடவினாள், கண்ணில் நீர். ஆனால் முகத்தில் ஒரு வெற்றிக் களை. பிள்ளை பரீட்சையில் பாஸான அம்மா முகம்.

“இனித் தொடுவீங்களா?”

“சத்தியமாத் தொட மாட்டேன்.”

“என்ற தலை மேல கை வெச்சுச் சொல்லுங்க.”

வைத்துச் சொன்னேன். ஒரு பஜ்ஜிக்கு இவ்வளவு பெரிய சத்தியமா என்று தோன்றியது. அரிஷ்டப் பாட்டில் ஸ்கூட்டர் பெட்டியில்தான் இருக்கிறது.

மார்ச் 31, ஞாயிறு

பசியே இல்லை. ஸ்டோரில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். வயதுக்கு மீறி நீந்துகிறேன் போல.

இன்று மிதந்தேன்! மல்லாந்து, ஆகாயத்தைப் பார்த்தபடி. வயிறு மட்டும் தண்ணீருக்கு மேலே தீவு மாதிரி நின்றதாகப் பெனடிக்ட் மாஸ்டர் சொன்னார். கரையேறி வீட்டுக்கு வந்தபோது கண் வழக்கம்போலச் சிவப்பு. சாந்தாமணி என் கண்ணைப் பார்த்தாள். போன வாரத்து வெற்றிக் களை அப்படியே வடிந்துபோனது.

ஏப்ரல் 1, திங்கள்

காபி இன்னும் கசப்பு.

ஏப்ரல் 10, புதன்

போன வாரம் இரண்டாவது முறை இரத்தம் கொடுத்திருந்தேன். இன்று சுகிர்தா விடுதியிலிருந்து நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அப்பா, உன்ற ஈரல் என்னப்பா பண்ணுச்சு?”

“ஏங்கண்ணு, பாஸ்தானே?”

“இருக்க வேண்டியதைவிட ஆறு மடங்கு ஏறிக் கெடக்குது. ஒரு தடவை தப்பா வந்திருக்கும்னு மறுபடி பாத்தேன். அதே.” பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள். “நிசத்தைச் சொல்லு. குடிக்கறயா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் சாந்தாமணி காபியோடு வந்தாள். மகளின் கேள்வியைக் கேட்டதும் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். பெற்ற மகள் வாயால் இதைக் கேட்க வேண்டிய கதி வந்துவிட்டதே என்று அழுகிறாள் என நினைத்தேன். எனக்காக இன்னொரு ஜீவன் இவ்வளவு உருகுகிறதே என்று மனம் கரைந்தது. அவள் மனம் கோணக் கூடாது என்று காபியை ஒரே மூச்சில் குடித்தேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. வேப்பம்பூப் பச்சடி என் காபி அளவுக்குக் கசக்கவில்லை.

குளத்துக்குப் போனேன். உடம்பு முடியவில்லை, கரையில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துவிட்டு வந்தேன். தனுஸ்ரீ அகலவாட்டில் ஒரு தடவை நீந்திக் காட்டினாள். கை தட்டினேன்.

ஏப்ரல் 18, வியாழன்

மூன்றாவது இரத்தம். இன்னும் ஏறியிருக்கிறது. சுகிர்தா என் கண்ணின் வெள்ளையை இழுத்து இழுத்துப் பார்த்தாள். மஞ்சள் லேசாக இருக்கிறதாம்.

அவள் வார்டில் ஒரு பள்ளி வேன் டிரைவர் இருந்தார். முட்டிவலிக்கு யாரோ கொடுத்த பெயரில்லாப் பொடியைச் சாப்பிட்டவர். மூன்று வாரம் இவள்தான் அவருக்கு இரத்தம் எடுத்தாள். வரும்போதெல்லாம் “அம்மிணி, இன்னைக்கு எவ்வளவு எறங்கிச்சு?” என்று கேட்பாராம்.

“நேத்து போய்ட்டாருப்பா” என்றாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “காரணம் தெரியாட்டி நிறுத்த முடியாது. நிறுத்தாட்டி நாங்க என்ன பண்ணியும் பிரயோசனம் இல்ல. உனக்கு என்ன காரணம்னே எனக்குத் தெரியலையே.”

இவள் படிக்க ஆரம்பித்ததிலிருந்து எனக்கு எதுவும் தெரியாதபோது நான் இவளைத்தான் கேட்டிருக்கிறேன். இவளுக்குத் தெரியாத ஒன்று என் வயிற்றுக்குள் இருக்கிறது என்பது முதல்முறையாகப் பயமாக இருந்தது. இதில் விளையாட்டாக எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

இன்று ஒரே நாளில் எங்கள் வீட்டில் மூன்று குற்றவாளிகள் பிடிபட்டார்கள். அதில் இரண்டு பேர் நான்.

ஒரு கடைசி முயற்சியாகக் குளத்தில் இறங்கிவிட்டுச் சிவந்த கண்ணோடு வந்தேன். சாந்தாமணி வாசலிலேயே நின்றாள்.

“இன்னைக்கு மகாவீர் ஜெயந்தி. கடையெல்லாம் லீவு. எங்கீங்க போனீங்க?”

“அண்ணாச்சி மளிகை திறந்துதானே இருந்துது?”

அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே சுகிர்தா காத்திருந்தாள். என்னை எதிரில் உட்கார வைத்தாள். வார்டில் எல்லாரிடமும் இப்படித்தான் கேட்பாளாம்.

“ரெண்டு மாசத்துல வாயில வெச்சது, தோல்ல தேச்சது, மூக்குல இழுத்தது, ஒண்ணு விடாமச் சொல்லு. ‘அதெல்லாம் மருந்தில்ல’ன்னு நீயா முடிவு பண்ணாதே.”

அம்மா சமையலறையில் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு, குரலை அடக்கி நீச்சல் விஷயத்தைச் சொன்னேன். சுகிர்தா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பத்து நாளாக அவள் சிரித்துப் பார்க்கவில்லை. குளத்துத் தண்ணியால ஈரல் இப்படி ஆகாது, கண்ணு மட்டும்தான் செவக்கும் என்றாள்.

“வேற?”

“ஒரே ஒரு நாள் அரிஷ்டம். ரெண்டு மூடி. அது ஒத்துக்கல.”

“ஒத்துக்கலைன்னா?”

முகம் எரிந்ததை, நெஞ்சு அடித்ததை, வாந்தியைச் சொன்னேன். பஜ்ஜி எண்ணெய் சரியில்லை என்றும் சொன்னேன். பஜ்ஜி அவள் காதில் விழவேயில்லை.

“குடிச்சு எத்தனை நேரத்துல?”

“வீடு வர்றதுக்குள்ள.”

“அரிஷ்டத்துல கொஞ்சம் சாராயம் தானா ஊறியிருக்கும்ப்பா. அத்தனூண்டுக்கு ஒருத்தருக்கு இப்படி ஆகுதுன்னா…” எழுந்துவிட்டாள். “குடியை நிறுத்தறதுக்கு டாக்டருங்க குடுக்கற மாத்திரை ஒண்ணு இருக்குது. அது உள்ள இருக்கறப்ப குடிச்சா இப்படித்தான் ஆகும். சில பேருக்கு அதே மாத்திரை ஈரலையும் தீத்துரும். அப்பா, உனக்குக் காபி யார் போடறது?”

“உங்கம்மாதான். பாசமா.”

சொல்லி முடித்த பிறகுதான் என் மண்டையில் விளக்கு எரிந்தது. சிக்கரி. கவிழ்த்துப் பார்த்த தம்ளர். தலை மேல் அடித்த சத்தியம்.

நாங்கள் சமையலறைக்குப் போனபோது சாந்தாமணி பெருங்காய டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறது. முகம் சுண்ணாம்பாக இருந்தது. சுகிர்தாவின் முகத்தைப் பார்த்தேன். வார்டில் இறந்த டிரைவர் அதில் இருந்தார். அம்மாவை அவள் அந்த முகத்தோடு பார்ப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

“கண்ணு, அதை நான்தான் வாங்குனேன்” என்றேன்.

“எதுக்கு?”

“குடியை விடறதுக்கு.”

“நீதான் குடிக்கவே மாட்டியே!”

“அதான்… பின்னால குடிச்சிரக் கூடாதுன்னு. முன்னெச்சரிக்கையா.”

இருபத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் நான் சொன்னவற்றிலேயே மட்டமான பொய் அதுதான். சாந்தாமணிக்கே பொறுக்கவில்லை.

“பொய் சொல்லாதீங்க மாமா! நான்தான் கலக்குனேன். ரங்கநாயகி அக்கா வாங்கிக் குடுத்தாங்க. மூலிகை, குடிக்கறவங்களுக்கே தெரியாமக் குடுக்கலாம், ஈரலையும் சுத்தம் பண்ணும்னாங்க. ஈரல் கெட்டுப் போச்சுன்னு பாப்பா சொன்னதும் சுத்தமாகட்டும்னு இன்னொரு கரண்டி சேத்திப் போட்டேன்.” டப்பா கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்து பொடி சிதறியது. “நான் கொன்னிருப்பேனே சாமி…”

அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, அழுகைக்கு நடுவிலேயே கேட்டாள்: “அப்ப ஞாயித்துக்கெழமை கண்ணு எதுக்குச் செவந்துது?”

கொலை முயற்சி சுலபமாக ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. என் முறைதான் கஷ்டமாக இருந்தது. ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து ஈர டிரவுசரைக் கொண்டுவந்து அவள் முன்னால் விரித்தேன்.

“நீச்சல் கத்துக்கறேன்.”

“உங்களுக்குத்தான் தெரியுமே? பதினாறு வயசுல அத்தனை பெரிய கெணத்துல…”

“குதிச்சது நெசம்.”

“பொறகு?”

“எடுத்தது எங்க மாமன்.”

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். சுகிர்தாதான் அணைத்தாள்.

“இந்த வீட்ல ஒரு கேள்வியை நேரா ஒருத்தரும் கேக்க மாட்டீங்களா? ஏம்மா, குடிக்கறீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன?”

“குடிக்கறவங்க ஆமான்னா சொல்லுவாங்க?” என்றாள் சாந்தாமணி. ஆராய்ச்சிக்காரி குனிந்து, டப்பாவில் மிச்சமிருந்த பொடியை ஒரு கவரில் கொட்டி முடிச்சுப் போட்டாள்.

ஏப்ரல் 25, வியாழன்

பொடியைச் சோதித்துவிட்டார்கள். மூலிகை என்று சொல்லப்பட்டதில் மாத்திரையை இடித்துக் கலந்திருந்தார்கள், ஒரு கரண்டிக்கும் இன்னொரு கரண்டிக்கும் அளவு சம்பந்தமே இல்லாமல்.

ஆரோக்கியமானவர்கள் வரிசையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் வருத்தம்தான். “ஃபெயிலா கண்ணு?” என்று கேட்டேன். “இல்லப்பா, வேற பிரிவுக்கு மாத்தியிருக்கோம். அங்க நீதான் ஃபர்ஸ்ட்” என்றாள். அந்த அரிஷ்டத்தால் காரணம் பிடிபட்டதை அவளுடைய பேராசிரியர் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாராம். பஜ்ஜியையும் சேர்த்தாரா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

சாந்தாமணி ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, காபி போடவும் மறுத்தாள். இன்று காலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். பஜனைக் குழுவில் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறாள். மதியம் வந்தபோது ஒரு மஞ்சப்பை நிறையப் பொட்டலம். எங்கள் இரண்டு வீதியில் எத்தனை ஆண்கள் ஒன்றும் அறியாமல் பாசமான காபி குடித்திருக்கிறார்கள் என்பது இன்றுதான் தெரிந்தது. நான் மட்டும் தனித்துவமானவன் என்று நினைத்திருந்தேன்.

ரங்கநாயகி அக்கா சண்டைக்கு வந்தாராம். “என்ற வீட்டுக்காரரை மறுபடி குடிகாரனாக்கப் பாக்கறயா?”

“அக்கா, அவரு குடிய விடல. குடிச்சா நெஞ்சு அடைக்குதுன்னு பயந்துட்டு உக்காந்திருக்காரு. எந்நேரம் நின்னு போகுதோ தெரியாது. மொதல்ல இரத்தம் குடுக்கச் சொல்லுங்க. விடறதுக்கு டாக்டரு வழி சொல்லுவாங்க, அவருக்குத் தெரிஞ்சே.”

அக்காவின் வீட்டுக்காரரைச் சுகிர்தா கையோடு கூட்டிப் போனாள். அவருக்கும் ஏறியிருக்கிறது. நல்லவேளை, கொஞ்சம்தான்.

மே 8, புதன்

எண் இறங்குகிறது. பாதிக்கு வந்துவிட்டது. கண் வெள்ளை. பசி திரும்பிவிட்டது, அது நல்லதா என்று சாந்தாமணிக்குச் சந்தேகம்.

என் கதையைச் சுகிர்தா ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புகிறாளாம். பேர் வராது. “ஐம்பத்தைந்து வயது ஆண், குடிப்பழக்கம் இல்லாதவர்” என்று ஆரம்பிக்கிறது என்று வாசித்துக் காட்டினாள். சாந்தாமணி அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னாள். அப்புறம் எழுந்து போய்க் காபி போட்டு வந்தாள். நடுவீட்டில் நின்று, எங்கள் இரண்டு பேர் முன்னாலும் முதல் வாயை அவள் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

சிக்கரி உண்மையாகவே ஜாஸ்திதான்.

மே 12, ஞாயிறு. ஆலப்புழை

படகு வீட்டின் மேல்தளத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீச்சல் பழக மறுபடி இனிமேல்தான் போக வேண்டும், டாக்டர் இப்போதுதான் சரி என்றிருக்கிறார். ஆகவே ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டிருக்கிறேன். தனுஸ்ரீ பார்த்தால் மறுபடி டியூப் கதை பேசுவாள்.

ஏறும்போது சாந்தாமணி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“மாமா, நான் விழுந்தா எடுப்பீங்களா?”

“ஒரு பத்தடி தூரம் வரைக்கும் எடுப்பேன். அதுக்கு மேல போனா கத்து, நானும் கூடச் சேந்து கத்தறேன்.”

யோசித்தாள். நாற்காலியைப் படகின் நட்டநடுவுக்கு இழுத்துப் போட்டு, பக்கத்தில் எனக்கும் ஒன்று போட்டாள். திரும்பிப் போகலாம் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் கீழ்த்தளத்தில் கம்பெனிக்காரர்கள் பாட்டிலைத் திறந்தார்கள். அசெம்பிளி பிரிவிலிருந்து ஒருவன் மேலே தலையை நீட்டி, “சென்னியப்பண்ணா, ஒரு ரவுண்டு?” என்றான். எப்போதும்போலத் தலையாட்டி மறுத்தேன்.

சாந்தாமணி என் முழங்கையை இடித்தாள். “போங்களேன். பேரு மட்டும் வாங்கிட்டு, அடியும் வாங்கிட்டு, ஒரு வாய்கூடக் குடிக்காம இருக்கறது எனக்கே பாவமா இருக்குதுங்க.”

“ஈரல் இன்னும் முழுசா ஆறல, புள்ள.”

“ஆறுனதுக்கு அப்பறம்?”

“அப்பவும் முடியாது. குடிப்பழக்கம் இல்லாதவர்னு உன்ற மக எழுதி அனுப்பிட்டா. நான் ஒரு வாய் குடிச்சா உலகத்துல இருக்கற அத்தனை ஈரல் டாக்டரு முன்னாலயும் அவ பொய்க்காரி ஆயிருவா.”

சாந்தாமணி சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. அடுத்த நொடியே பயந்து என் மிதவைச் சட்டையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். ஒரு இளநீர் வந்தது. முதல் வாய் அவள் குடித்தாள்.